0.8 மனிதர்

"சார், 0.8 பேர் எப்படிச் சாவார்கள்?"

கடைசி வரிசையிலிருந்து வந்த கேள்வி. வகுப்பு சிரித்தது, நானும் சிரித்துவிட்டேன். கரும்பலகையில் இரண்டு எண்களை மட்டும் எழுதியிருந்தேன். நடந்த இறப்புகள் 11. எதிர்பார்த்தவை 0.8. பையன் கிண்டலுக்குத்தான் கேட்டான். பதினெட்டு ஆண்டுகளாகப் புள்ளியியல் நடத்துகிற எனக்கோ, அந்தப் பாடத்தில் கேட்க வேண்டிய ஒரே கேள்வி அதுதான் என்று மாலை பேருந்தில் வரும்போது தோன்றியது. பதினொரு பேர் இறந்ததை எண்ணுவதற்குப் புள்ளியியல் எதற்கு? சுடுகாட்டில் ரசீது எழுதுகிறவரே போதும். அந்த 0.8-ஐக் கொண்டுவருவதற்குத்தான் இத்தனை பாடும்.

இரண்டு எண்களும் 1955 இல் ரிச்சர்ட் டால் வெளியிட்ட ஆறு பக்கக் கட்டுரையில் இருப்பவை. பிராட்ஃபோர்டு ஹில்லுடன் சேர்ந்து 1950 இல் சிகரெட்டையும் நுரையீரல் புற்றுநோயையும் முடிச்சுப் போட்டுக் காட்டியவர் என்று டாலைப் பலரும் அறிவார்கள். இந்தக் கட்டுரைக்கு அந்தப் புகழ் இல்லை. இங்கிலாந்தின் அன்றைய லங்காஷயர் பகுதியில் ராச்டேல் என்று ஓர் ஊர். பருத்தி ஆலைகளுக்குப் பெயர்போனது. அங்கே டர்னர் பிரதர்ஸ் ஆலையில் பஞ்சை நூற்பதுபோலக் கல்நாரை நூற்றார்கள். நம் வீட்டுச் சமையலறைச் சாய்ப்புக்கும் மாட்டுக்கொட்டகைக்கும் போடும் ஆஸ்பெஸ்டாஸ் தகட்டில் சிமெண்டோடு கலந்திருப்பது இந்தக் கல்நார்தான். தீப்பிடிக்காது, சூட்டைக் கடத்தாது. அதனால் கொதிகலனையும் நீராவிக் குழாயையும் சுற்றிக் கட்ட அதன் கயிறும் துணியும் உலகெங்கும் போயின.

நூற்கும்போது பறக்கும் தூசு நுரையீரலைத் தழும்பாக்கிவிடும் என்று தொழிற்சாலை ஆய்வாளர்கள் மெரிவெதரும் பிரைஸும் 1930 இலேயே அரசுக்கு எழுதிவிட்டார்கள். மறு ஆண்டு விதிகள் வந்தன, தூசு குறைந்தது. புற்றுநோய்ச் சந்தேகம் அதற்குப் பிறகு தலைகாட்டியது. கல்நார்த் தழும்பு நோயோடு இறந்த 235 பேரின் விவரங்களை மெரிவெதர் திரட்டினார். அவர்களில் 31 பேருக்கு நுரையீரல் புற்று, அதாவது 13 சதவீதம். கல்தூசால் வரும் சிலிகோசிஸ் நோயோடு இறந்தவர்களிடம் அதே புற்று 1.3 சதவீதம்தான்.

பத்து மடங்கு. என் மாணவர்கள் இங்கேயே புத்தகத்தை மூடிவிடுவார்கள். டால் மூடவில்லை. அவர் கையிலும் ராச்டேல் ஆலையில் வேலை பார்த்த 105 பேரின் பிணக்கூறாய்வு முடிவுகள் இருந்தன. 18 பேருக்கு நுரையீரல் புற்று. அதில் 15 பேருக்குக் கல்நார்த் தழும்பும் கூடவே. ஆனால் யாருடைய உடலை அறுத்துப் பார்க்கிறார்கள்? சந்தேகம் வந்தவரின் உடலை. இழப்பீடு கேட்டு வழக்குப் போட்டவரின் உடலை. நிம்மதியாகத் தூக்கத்தில் போனவரை யாரும் அறுப்பதில்லை. பின்னத்தில் கோட்டுக்கு மேலே 18 என்று எழுதிவிடலாம். கோட்டுக்குக் கீழே என்ன எழுதுவது?

கோட்டுக்குக் கீழே எழுத அவருக்கு ஆலையின் ஆள் பதிவேடு கிடைத்தது. தூசு மிகுந்த பிரிவுகளில் குறைந்தது 20 ஆண்டு உழைத்த ஆண்கள் 113 பேர். ஆலை மருத்துவர் ஜான் நாக்ஸ் விவரங்களைத் தந்தார். அந்த 113 பேரில் 39 பேர் இறந்திருந்தார்கள். நாட்டு வழக்கப்படி 15.4 பேர் இறந்திருக்க வேண்டும். நுரையீரல் புற்றால் மட்டும் 11. எதிர்பார்த்தது 0.8. நிறுவனம் இதை வெளியிட வேண்டாம் என்று வற்புறுத்தியது. நாக்ஸின் பெயர் கட்டுரையில் இல்லை. டால் தனியாகப் போட்டார்.

சரி, பையனின் கேள்விக்கு வருவோம்.

நூறு நாள் வேலையில் மனித நாட்கள் என்று கணக்குச் சொல்கிறார்களே, அதேதான். இங்கே மனித ஆண்டுகள். ஒருவரைப் பத்து ஆண்டு கவனித்தால் பத்து மனித ஆண்டுகள். மூன்றாம் ஆண்டு முடிவிலேயே அவர் இறந்துவிட்டால் மூன்று. அந்த ஆண்டுகளை வயதுவாரியாகப் பிரித்து அடுக்க வேண்டும். 45 வயதில் இத்தனை, 55 வயதில் இத்தனை. பிறகு காலவாரியாக இன்னொரு பிரிவு. ஏனென்றால் பிரிட்டனில் நுரையீரல் புற்று அந்த நாட்களில் ஏறிக்கொண்டே போனது. 1930களின் விகிதத்தை 1950க்குப் போட்டால் எதிர்பார்ப்பு பொய்யாகக் குறைந்துவிடும், ஆலைமேல் வீண்பழி ஏறிவிடும். இப்படிக் கிடைக்கும் அட்டவணையின் ஒவ்வோர் அறையிலும் உள்ள மனித ஆண்டுகளை அதே வயதுக்கும் காலத்துக்கும் உரிய இங்கிலாந்து, வேல்ஸ் ஆண்களின் இறப்பு விகிதத்தால் பெருக்க வேண்டும். பேச்சுக்கு, ஓர் அறையில் 400 மனித ஆண்டுகள், விகிதம் ஆயிரத்துக்கு ஒன்று என்றால் அந்த அறையின் பங்கு 0.4. எல்லா அறைகளையும் கூட்டினால் வருவது 0.8. இந்த 113 பேரும் கல்நாரைத் தொடாமல், ஊரில் மற்றவர்களைப்போல் இருந்திருந்தால் அவர்களில் எத்தனை பேர் அந்த நோயால் போயிருப்பார்கள் என்பதற்கான மதிப்பு அது. நடக்காத ஒரு வாழ்க்கையின் சாவுக் கணக்கு. அதில் முழு ஆள் வர வேண்டும் என்று கட்டாயம் இல்லை.

0.8 எதிர்பார்த்த இடத்தில் தற்செயலாக 11 அல்லது அதற்கு மேல் வருவதற்கு வாய்ப்பு எவ்வளவு என்று, அரிய நிகழ்வுகளை எண்ண உதவும் பாய்சான் பரவலை வைத்து வகுப்பில் போட்டுப் பார்த்தோம். ஏறத்தாழ நூறு கோடியில் ஒன்று. கால்குலேட்டர் காட்டியதைப் பையன் நம்பவில்லை. இன்னொரு முறை போட்டான்.

அந்தக் கணக்கில் எனக்குப் பிடித்த நுணுக்கம் ஒன்று உண்டு; தேர்வுக்கு வராது என்பதால் யாரும் கவனிப்பதில்லை. 113 பேருக்கும் கடிகாரம் ஓடத் தொடங்குவது அவர்கள் 20 ஆண்டை முடித்த நாளிலிருந்துதான். வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து ஓடவிட்டால் என்ன ஆகும்? முதல் 20 ஆண்டுக்குள் இறந்தவர் இந்தப் பட்டியலிலேயே இருக்க முடியாது. ஆக, அந்த 20 ஆண்டும் சாக வழியே இல்லாத ஆண்டுகள். மார்க்கண்டேயனுக்கு வரம் கிடைத்ததுபோல. அவற்றைக் கோட்டுக்குக் கீழே சேர்த்தால் எதிர்பார்ப்பு வீங்கும், தொழில் பாவம் அறியாததுபோல் தெரியும். இன்றைக்கும் நன்றாகப் படித்தவர்கள் இந்தப் பள்ளத்தில் விழுகிறார்கள். நானே ஒரு முறை விழுந்திருக்கிறேன். கை கொடுத்துத் தூக்கியவர் என் மாணவி.

இந்த எடுத்துக்காட்டை ஒவ்வோர் ஆண்டும் நான் எடுப்பதற்குக் காரணம் பெரியப்பா.

தெற்கே ஓர் அனல்மின் நிலையத்தில் அவர் லேகிங் வேலை பார்த்தார். காண்டிராக்டரின் ஆள். கொதிகலனைப் பழுதுபார்க்க நிறுத்தும்போதெல்லாம் குழாய்களில் சுற்றியிருக்கும் பழைய கல்நாரைப் பிய்த்தெடுத்து, புதிதாகச் சுற்ற வேண்டும். பிய்ப்பதில்தான் தூசு அதிகம் என்பார். புருவமெல்லாம் வெள்ளையாக வீட்டுக்கு வருவார். "மாவு மில்லுக்குப் போனீர்களா?" என்று கேட்போம். பெரியம்மா அவரைத் திண்ணைக்கு வெளியே நிற்கவைத்துக் கைலியை உதறிவிட்டுத்தான் உள்ளே விடுவார். அந்தத் தூசை அவரும் சேர்த்துச் சுவாசித்தார் என்பது இப்போது புரிகிறது. உடம்பு தளர்ந்த பிறகு பெரியப்பா ஒரு ஏ.டி.எம். வாசலில் காவலாளியாக உட்கார்ந்தார். 2009 இல் நுரையீரல் புற்றால் இறந்தார்.

மருத்துவமனைத் தாள் என்னிடம் இருக்கிறது. "புகைப்பழக்கம்: பீடி, 30 ஆண்டு. தொழில்: கூலி." அவ்வளவுதான். பீடிக்கு ஆண்டுக் கணக்கு உண்டு. தொழிலுக்கு ஒரே சொல். "பீடிதான் அம்மா காரணம்" என்று மருத்துவர் சொன்னதைப் பெரியம்மா இன்னும் சுமந்துகொண்டிருக்கிறார். கடைக்குப் போய் வாங்கிக் கொடுத்தவள் நான்தானே என்பது அவர் கணக்கு.

தொழிலையும் நோயையும் சேர்த்துப் படிக்கிற எல்லாருக்கும் முதலில் எதிர்ப்படும் சிக்கல் இதுதான். தூசில் நிற்பவர்கள் பீடியும் குடிப்பார்கள். பழைய ஆலைப் பதிவேட்டில் சேர்ந்த தேதி இருக்கும், பிரிவு இருக்கும். புகைத்தாரா என்று யார் எழுதிவைத்தார்கள்? அப்படியானால் மிகுதியாகத் தெரியும் சாவுகள் தூசால் வந்தவையா, புகையால் வந்தவையா? ஆலைகளின் வழக்கறிஞர்களுக்குப் பிடித்தமான கேள்வி இது. சுவீடனைச் சேர்ந்த ஓலவ் ஆக்சல்சன் 1978 இல் இதற்குத் தந்த விடை, கடைசிவரிசைப் பையன்கூடக் கையால் போட்டுவிடக்கூடியது. புகைப்பவருக்கு ஆபத்து பத்து மடங்கு என்று வைத்துக்கொள்ளுங்கள். ஊரில் பாதிப் பேர் புகைக்கிறார்கள் என்றால் ஊரின் சராசரி 5.5. ஆலையில் பத்துக்கு ஏழு பேர் புகைக்கிறார்கள், சராசரி 7.3. ஒன்றை மற்றொன்றால் வகுத்தால் 1.33. ஆலையில் ஒருவர் விடாமல் எல்லாருமே புகைத்தாலும் பத்தை 5.5 ஆல் வகுக்க 1.8 தான் வருகிறது. ராச்டேலில் பார்த்தது 13 மடங்குக்கு மேல். பீடி எவ்வளவுதான் பாவம் செய்திருந்தாலும் அந்த உயரத்தை அதனால் தனியாக எட்ட முடியாது. ஆய்வு காட்டும் மடங்கு 1.3 என்றால் மட்டும் ஆலைக்காரர் பேச்சைக் காதுகொடுத்துக் கேட்க வேண்டும்.

ஒப்பிடுவதற்கு ஊரை எடுப்பதிலேயே ஒரு கோளாறு இருக்கிறது. ஊர் என்றால் படுத்த படுக்கையாய்க் கிடப்பவரும் சேர்த்துத்தான். வேலைக்கு வருகிறவர் எழுந்து நடக்கத் தெம்புள்ளவர். கொதிகலன்மேல் ஏறுகிறவருக்கு இன்னும் தெம்பு வேண்டும். ஆகவே, ராச்டேல்போல் தூசு மிகக் கொடியதாக இல்லாவிட்டால், ஆலையில் மொத்தச் சாவு பெரும்பாலும் ஊரைவிடக் குறைவாகத்தான் தெரியும். முடியாதவர்கள் கடினமான வேலையை விட்டு இலேசான வேலைக்கு நகர்ந்துவிடுவதால் கடின வேலை ஆரோக்கியமானதுபோல் காட்சி தருகிறது என்று இங்கிலாந்தின் இறப்புப் புள்ளிவிவரங்களைத் தொகுத்த வில்லியம் ஓகிள் 1885 இலேயே எச்சரித்திருக்கிறார். பெரியப்பாவைப் பாருங்கள். கடைசித் தொழிலை வைத்து யாராவது ஆய்வு செய்திருந்தால் அவர் காவலாளிகள் பட்டியலில் போயிருப்பார். ஏ.டி.எம். குளிரூட்டி நுரையீரலுக்கு ஆகாது என்று ஒரு கட்டுரைகூட வந்திருக்கலாம்.

இதற்குத் தப்ப, ஊரை விட்டுவிட்டு ஆலைக்குள்ளேயே ஒப்பிட வேண்டும். அமெரிக்காவின் பிட்ஸ்பர்க் பகுதியில் ஏறத்தாழ 59,000 எஃகுத் தொழிலாளர்களை வைத்து வில்லியம் லாய்ட் 1971 இல் செய்தது அதுதான். நிலக்கரியைச் சுட்டுக் கோக் ஆக்கும் அடுப்புகளில் வேலை பார்த்தவர்களை மற்ற எஃகுத் தொழிலாளர்களோடு ஒப்பிட்டார். அதிலும் நிற்கவில்லை, அடுப்புக்குப் பக்கவாட்டில் நின்றவர் யார், அடுப்பின் தலைமேல் நின்று நிலக்கரி கொட்டியவர் யார் என்று பிரித்தார். தலைமேல் ஐந்து ஆண்டுக்கு மேல் நின்றவர்களுக்கு நுரையீரல் புற்று பத்து மடங்கு. அங்கே நிறுத்தப்பட்டவர்களில் மிகப் பெரும்பாலோர் கறுப்பினத் தொழிலாளர்கள். "கோக் ஆலைத் தொழிலாளி" என்று ஒரே சொல்லில் எழுதியிருந்தால் அந்தப் பத்து மடங்கு மற்றவர்களோடு கலந்து கரைந்திருக்கும். "கூலி" என்ற சொல் எதை விழுங்கியது என்று நான் யோசிப்பதும் இதனால்தான்.

நோய் தொட்டவர் முன்பே வேலையை விட்டுப் போவதும், அதனால் அவருக்குத் தூசுக் கணக்கு குறைவதும் இதைவிடச் சிக்கலான சுழல். 1986 இல் ஜேம்ஸ் ராபின்ஸ் அதற்கு ஒரு வழி கண்டார். அதை இங்கே விளக்க ஆரம்பித்தால் நீங்கள் பாதியில் எழுந்து போய்விடுவீர்கள், விட்டுவிடுகிறேன்.

பெரியப்பாவுக்கு மிக அருகில் வரும் ஆய்வு, 1979 இல் ஹேமண்ட், செலிகாஃப், சைட்மன் மூவரும் வெளியிட்டது. அமெரிக்காவிலும் கனடாவிலும் இதே லேகிங் வேலை பார்த்த 17,800 பேர். தொழிற்சங்க உறுப்பினர் பட்டியல் இருந்ததால் ஒருவர்கூடத் தப்பாமல் கோட்டுக்குக் கீழே வந்தார்கள். புகைத்தாரா என்பதும் கேட்கப்பட்டது. தூசு படாத மற்ற ஆண்களோடு ஒப்பிட்டார்கள். லட்சத்துக்கு ஆண்டுதோறும் நுரையீரல் புற்றால் இறந்தவர்கள்: தூசும் இல்லை, புகையும் இல்லை என்றால் 11.3. தூசு மட்டும் என்றால் 58. புகை மட்டும் என்றால் 123. இரண்டும் சேர்ந்தால் 602.

இந்த நான்கு எண்களை நான் முதன்முதலில் பார்த்தது பெரியப்பா இறந்த ஆண்டில். தூசு ஐந்து மடங்கு, புகை பதினொரு மடங்கு. இரண்டும் சேர்ந்தால் கூட்டினால் வரும் பதினைந்து (இரண்டிலும் இருக்கும் இயல்பான ஒரு மடங்கை ஒரு முறைதான் எண்ண வேண்டும்) வரவில்லை, பெருக்கினால் வருகிற ஐம்பத்தைந்தை ஒட்டி 53 மடங்கு வருகிறது. அவர் பீடி குடிக்காமல் இருந்திருந்தால் அந்த 602 இல் பத்துக்கு ஒன்பது பங்கு இல்லாமல் போயிருக்கும். கல்நாரைத் தொடாமல் இருந்திருந்தால் பத்துக்கு எட்டுப் பங்கு இல்லாமல் போயிருக்கும். கூட்டிப் பார்த்தால் 170 சதவீதம். கணக்குத் தவறில்லை. ஒரே சாவுக்கு இரண்டும் வேண்டியிருந்தது; எதைத் தடுத்திருந்தாலும் அது நின்றிருக்கும். மருத்துவர் சொன்ன "பீடிதான்" என்பதில் பீடி உண்மை. "தான்" மட்டும் பொய்.

2013 இல் ஸ்டீவன் மார்க்கோவிட்ஸ் குழு இதே தொழிலாளர்களிடம் திரும்பவும் போனது. தழும்பு நோய் வராதவர்களிடம் தூசும் புகையும் ஏறத்தாழக் கூடத்தான் செய்கின்றன, 14 மடங்கு. தழும்பும் இருந்தால் 37 மடங்கு என்று கண்டது. ஆக, நான் வகுப்பில் அத்தனை ஆண்டு அடித்துச் சொன்ன பெருக்கல் எல்லாருக்கும் பொருந்துவதில்லை. பெரியப்பாவுக்குத் தழும்பு இருந்ததா? எக்ஸ்ரே படம் வெள்ளத்தில் போய்விட்டது.

இதையெல்லாம் ஒரு பொங்கலன்று பெரியம்மாவிடம் என்னால் முடிந்தவரை எளிமையாகச் சொன்னேன். அவர் மனச்சுமை இறங்கும் என்று எதிர்பார்த்தேன். முழுக்கக் கேட்டுவிட்டு, "அப்படியென்றால் அந்தக் காண்டிராக்டரிடம் ஏதாவது கேட்க முடியுமாடா?" என்றார்.

முடிந்திருக்க வேண்டும். கல்நாரால் வரும் நுரையீரல் புற்று அப்போதைய தொழிலாளர் இழப்பீட்டுச் சட்டத்தின் அட்டவணையில் இருந்தது. கல்நார் வேலை பார்ப்பவரின் உடல்நலப் பதிவை வேலைக்குச் சேர்ந்ததிலிருந்து குறைந்தது 40 ஆண்டோ, ஓய்வுக்குப் பின் 15 ஆண்டோ, எது பிந்தியதோ அதுவரை வைத்திருக்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 1995 இலேயே சொன்னது. நீதிபதிகளுக்குப் புள்ளியியல் தெரியும் என்று நான் நம்பத் தொடங்கியது அந்தத் தீர்ப்பைப் படித்தபோதுதான். இன்று உள்ளே போன தூசு இருபது, முப்பது ஆண்டு கழித்துத்தான் பேசும். ஆனால் பெரியப்பாவின் வேலைக்குச் சான்று காண்டிராக்டரின் பாக்கெட் நோட்டு மட்டுமே. சம்பளம் கொடுத்ததும் அந்தப் பக்கம் கிழிந்துவிடும். கோட்டுக்கு மேலேயும் நிலைமை சரியில்லை: 2020 இல் இந்தியாவில் பதிவான இறப்புகளில் மருத்துவர் காரணத்தைச் சான்றளித்தவை 22.5 சதவீதம்தான். டால் நம் ஊரில் பிறந்திருந்தால் அவரிடமும் பிணக்கூறாய்வுத் தாள்கள் மட்டுமே இருந்திருக்கும். அவையும் வெள்ளத்துக்குத் தப்பியிருந்தால்.

பெரியம்மாவிடம் ஒரு புகைப்படம் இருந்தது. ஓர் ஆயுத பூஜை அன்று, சந்தனம் பூசிய உளி, சுத்தியல்களுக்குப் பின்னால் லேகிங் ஆட்கள் ஒன்பது பேர். அதை மேசையில் வைத்து ஒரு நோட்டில் கட்டம் போட்டேன். பெயர், சேர்ந்த ஆண்டு, விட்ட ஆண்டு, இருக்கிறாரா, இல்லையென்றால் எதனால். சேர்ந்த ஆண்டுக் கட்டத்தில் ஒன்பது கேள்விக்குறிகள். அன்றைக்கு விடுப்பு எடுத்தவரும், அதற்குள் உடம்பு முடியாமல் நின்றுவிட்டவரும் படத்தில் இல்லை என்பது எனக்குத் தெரியும்; ஓகிள் சிரிப்பார். பெரியம்மாவுக்கு ஐந்து பெயர்கள் நினைவிருந்தன. பெரியப்பாவைச் சேர்த்து மூவர் இல்லை. அவர்களில் ஒருவர் மூச்சுமுட்டிச் செத்தார் என்கிறார். என்ன நோய் என்று எந்தத் தாளும் சொல்லாது.

படத்தை ஐவரில் ஒருவரின் மகனுக்குக் கைப்பேசியில் அனுப்பினேன். இரண்டு நாள் கழித்து அவரே கூப்பிட்டார். இடமிருந்து நான்காவதாக நிற்பவர் இருக்கிறாராம், வயது 81. திருச்செந்தூர் பக்கம் மகள் வீட்டில். காலையில் தோட்டத்துக்குத் தண்ணீர் பாய்ச்சுகிறார். பீடியை மட்டும் விடமாட்டேன் என்கிறாராம்.

நோட்டில் அவருடைய வரிசையில் "இருக்கிறார்" என்று எழுதினேன்.